பிளேயரைத் திருகியவர்

டிரம்ஸ்காரருக்கு வயது அறுபத்தாறு. தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். சனிக்கிழமை மாலையானால் அவருடைய பட்டறையில் நாலு கிழவர்கள் கூடி ராக் வாசிப்பார்கள். முப்பத்தெட்டு வருடப் பழக்கம். மகள் தன் குழந்தையைத் தூங்க வைக்க அங்கேதான் தூக்கி வருவாள். இரண்டாவது பாட்டிலேயே பேத்தி கண்ணயர்ந்துவிடுவாள். அதில் தாத்தாவுக்குப் பெருமை வேறு.

ஒரு சனிக்கிழமை பரணில் அவர்களுடைய முதல் கேசட் கிடைத்தது. போட்டால், பாட்டு தலைதெறிக்க ஓடியது.

"பிளேயர் கெட்டுப்போச்சு," என்றார் கிடார்காரர்.

டிரம்ஸ்காரர் பிளேயர் மோட்டாரின் திருகைத் திருப்பித் திருப்பி, தாங்கள் வாசிக்கும் வேகத்துக்குக் கொண்டுவந்தார். வேகம் சரியாகிவிட்டது, பாடகரின் குரல்தான் எருமை கத்துவதுபோல் கேட்டது.

"கெட்டது பிளேயர் இல்லடா," என்றார் பாடகர். "நாமதான் மெதுவாயிட்டோம்."

டிரம்ஸ்காரருக்குச் சுருக்கென்றது. திருகைப் பழைய இடத்தில் வைத்தார். குச்சிகளை எடுத்துக்கொண்டு கேசட்டைத் துரத்தத் தொடங்கினார். மூச்சு வாங்கியது, சட்டை தெப்பலாக நனைந்தது, கை மட்டும் நிற்க மறுத்தது. மற்ற மூவரும் விழுந்தடித்துக்கொண்டு அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

பாயில் தூங்கிக் கிடந்த பேத்தி எழுந்து உட்கார்ந்து கைகொட்டினாள்.

"நல்லாத்தான் இருக்குப்பா," என்றாள் மகள். "இனிமே இவளை யாரு தூங்க வைக்கிறது?"