இல்லாத அருணைக் கூட்டிவரச் சொல்கிறார் அப்பா

நம் குழுவுக்கு வெளியே இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவின் போனில் ஒளிந்து எழுதுகிறேன்.

பலர் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதும் ஓர் இணைய எடிட்டருக்கு, பிழை பிடிக்கும் டெஸ்ட் புரோகிராம் நான் எழுதுவது உங்களுக்குத் தெரியும். அதில் இரண்டு பொய் ஆட்கள் தாமாக டைப் செய்வார்கள். ஒன்றுக்கு என் பெயர், கவி. இன்னொன்றுக்குச் சும்மா அருண் என்று வைத்தேன்.

இதுவரை ஒருவர் முடித்த பிறகே மற்றவர் எழுதியதால் எடிட்டரின் பிழை எதுவும் பிடிபடவில்லை. இன்று இருவரையும் ஒரே வரியில், ஒரே நேரத்தில், மனிதர்களைப் போலவே தயங்கி, அழித்து எழுத வைத்தேன். பிழை சிக்கிவிட்டது!

தறிச் சத்தத்தில் அண்ணன் பின்னால் வந்து நின்றது கேட்கவில்லை. திரையில் அருண், "நாளைக்கு வர்றியா" என்று எழுதி, அழித்து, மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தான்.

"யார்டீ இவன்?"

"யாருமில்லண்ணா, டெஸ்ட்டு. நான் எழுதின புரோகிராம்."

"புரோகிராமுக்கு வெக்கம் வருமா? அழிச்சி அழிச்சி எழுதிகினு இருக்கான்!"

அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்தார். லேப்டாப் பீரோவுக்குள் போய்விட்டது.

"நாளைக்கு அந்தப் பையன் இங்க வரணும். இல்லன்னா உனக்குக் காலேஜே கெடையாது."

டெஸ்டை ஓட்டிக் காட்டலாம். ஓட்டினால் அருண் திரும்ப வந்து அதையேதான் கேட்பான்.

இல்லாதவனை எங்கிருந்து கூட்டிவருவது? அந்த டெஸ்டைக் கொஞ்சம் மோசமாக எழுதியிருக்கலாமோ? யாராவது ஒரு வழி சொல்லுங்க

கதவைத் தட்டுகிறார்கள்.

"கவி, யாருக்கு டைப் பண்ணிகினு இருக்க?"

அப்பாதான். போனை ஒளி—