கால்வாய்க் கரைக் கல்யாண முருங்கை

ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயின் கரை ஒவ்வொரு மழைக்கும் சரிந்துகொண்டிருந்தது. சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கிய பொக்லைன்காரர்கள் கரையை மொட்டையாக விட்டுப் போய்விட்டார்கள். மனு கொடுத்து அலுத்துப்போய், நாமே மரம் நடுவோம் என்று கிளம்பினோம். நாம் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நானும், எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற லைன்மேனும்தான். பேச்சுக்கு வந்த மற்றவர்கள் மண்வெட்டியைப் பார்த்ததும் காணாமல் போனார்கள்.

நீர்மருது, புங்கன், நாவல் என்று நம் மண்ணுக்குரிய கன்றுகளாக வைத்தோம். வெயிலில் பாதி கருகிப்போயின. சீக்கிரம் வளர்ந்து நிழல் தர ஏதாவது வேண்டும் என்று யோசித்தபோதுதான் கல்யாண முருங்கை ஞாபகம் வந்தது. கிளையை நட்டாலே பிடித்துக்கொள்ளும் மரம் அது. கல்யாணத்தில் மணமேடையருகே நடும் அரசாணிக்காலில் அதன் கிளையைத்தான் கட்டுவோம். முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் நடவேண்டும். கிளை தழைத்தால் தம்பதி நன்றாக இருப்பார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இப்போது நடுவதற்கு யார் வீட்டில் இடம் இருக்கிறது? எச்சில் இலையோடு குப்பைக்குப் போகிறது.

பட்டு எடுக்க வெளியூர் ஜனம் குவியும் ஊரில் மண்டபத்துக்கா பஞ்சம்? முகூர்த்தம் முடிந்த மறுநாள் காலையில் போய் நின்று கிளைகளை வாங்கி வருவோம். என் மனைவி எனக்குக் 'கிளைபொறுக்கி' என்று பட்டம் கொடுத்தாள். கொடுக்கட்டும், கரையில் பச்சை தெரிய ஆரம்பித்திருந்தது.

என் மகளின் கல்யாணக் கிளையையும் அங்கேதான் நட்டோம். மஞ்சள் காயாத கையால் அவளே மண்ணை அணைத்தாள். மாப்பிள்ளை ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் வேலூருக்குப் போன பிறகு போனில் முதல் கேள்வியே அதுதான்.

"பா, என் கெளை துளிர் வுட்டுச்சா?"

போட்டோ எடுத்து அனுப்பினேன். துளிர்த்தது, இடுப்புயரம் வந்தது, ஆள் உயரம் வந்தது, மாசியில் சிவப்பாகப் பூத்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. 'உன் மரம்தான் இந்தக் கரையிலேயே ஃபர்ஸ்ட்' என்று பெருமையாக எழுதுவேன். அவள் ஒரு பூ பொம்மை அனுப்புவாள்.

இரண்டாவது வருஷம் ஒரு மத்தியானம் வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வரும் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. முழங்கைக்குக் கீழே சூடு வைத்த தழும்பு. சில நாள் கழித்துத்தான் கேட்டேன்.

"இத்தினி நாளு எப்படிம்மா தாங்கிகினு இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஜல்தியா வந்து இட்டுகினு வந்திருப்பேனே."

"கெளம்பிடலாம்னு எத்தினியோ வாட்டி பைய எடுத்து வெச்சேன்பா. அப்பல்லாம் நீ போட்டோ அனுப்புவ. மரம் இவ்ளோ நல்லா இருக்குதே, எனக்கும் சரியாயிடும், இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்னு இருந்துடுவேன்."

பாழாய்ப்போன அந்த மரத்தை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் சம்பந்தி வீட்டார் பழத்தட்டோடு வந்து சமாதானம் பேசினார்கள். வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போகிறோம் என்றார்கள். அவர்கள் போனதும் என் மனைவி, "மரம் நல்லாத்தானங்க இருக்குது, போயித்தான் பாக்கட்டுமே" என்றாள். மகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த முறை போனால் உயிரோடு திரும்புவாளா என்று தெரியாது.

மறுநாள் காலை கத்தியோடு கரைக்குப் போனேன். லைன்மேன் தடுக்கவில்லை. "வேர மட்டும் தோண்டிடாதீங்க. போன மழையில இந்த எடம் சரியாம நின்னதே அதாலதான்" என்றார். தரையை ஒட்டி வெட்டினேன். மெத்தென்ற மரம், சீக்கிரம் சாய்ந்துவிட்டது. நான் நட்டு வளர்த்ததில் என் கையாலேயே வெட்டியது அது ஒன்றுதான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "வெட்டிட்டேம்மா. இனிமே அத நம்பிகினு நீ எங்கயும் இருக்க வேணாம்." அவள் குரலெடுத்து அழுதாள். வெள்ளிக்கிழமை அவர்கள் கார் வந்து நின்றபோது வாசலுக்கு வந்து, "நான் வரலீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். தினமும் அந்தக் கரை வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள்.

கல்யாண முருங்கையை வெட்டினால் சும்மா இருக்குமா? அடுத்த மழைக்கே கட்டையைச் சுற்றித் துளிர்த்துவிட்டது. அதனால் அவள் எழுந்திருப்பதற்கு முன் நான் கரைக்குப் போய்விடுகிறேன். குனிந்து ஒவ்வொரு துளிராகக் கிள்ளிப் போடுகிறேன். இளமுள் விரலில் ஏறுகிறது. இலையே இல்லாமல் வேர் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்று லைன்மேன் கேட்டார். கிள்ளி முடித்ததும் அந்தக் கட்டைக்கும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வருகிறேன்.