செத்துப்போன ப்ளக்கும் என் மாமனாரும்

ஆறு மணிக்கு என் மனைவி ரேடியோவில் பாடப் போகிறாள். மணி ஐந்தரை. எங்கள் வீட்டு ப்ளக்கில் உயிரே இல்லை!

இதைவிடப் பெரிய நெருக்கடி ஒரு கணவனுக்கு வர முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம், ஆயுத பூஜையன்று நடந்தது இது. பூந்தமல்லியில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்து இன்னும் ஒரு வருஷம்கூட நிறையவில்லை. வீட்டில் கூடத்தில் ஒரு ப்ளக், உள்ளறையில் ஒரு ப்ளக். கூடத்தில் ரேடியோ. அதன் முன்னால் பாதித் தெரு பாய் விரித்து உட்கார்ந்துவிட்டது. விளக்கு எரிகிறது... ரேடியோ மட்டும் ஊமை! பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினேன். அங்கேயும் அதே கதை.

தெருக்காரர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் ஜன்னலோரம், ரேடியோவுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரே ஒருவரைப் பற்றித்தான் — என் மாமனார்.

வானகரத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். தை மாதம் என் மனைவி சரோஜா முதல் தடவை ரேடியோவில் பாடினாள். மறுநாள் குமணன்சாவடி காபி கிளப்பில் யாரோ ஒருவர், "உம்ம பொண்ணு பாட்டு ஜோர்!" என்று சொல்லப்போக, மனிதர் கொதித்துவிட்டார். தன் பெண் பாடுவதைக் காபி கிளப்பில் எவனெவனோ கேட்பதாவது? அன்றோடு பெண்ணிடம் பேச்சு நின்றது.

பண்டிகைக்கென்று மாமியார்தான் அவரைக் காலையில் இழுத்து வந்திருந்தார். "நான் பூசைக்குத்தான் வந்தேன் மாப்ளே, பாட்டுக்கு இல்ல" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார். ஆனாலும் வந்திருக்கிறாரே! மத்தியானம் தன் தம்பியோடு பட்டணத்துக்குப் பஸ் ஏறும்போது சரோஜா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எப்படியாவது அப்பா காதுல விழணுங்க."

விழ வேண்டுமானால் ப்ளக் பிழைக்க வேண்டும்!

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கப் போனேன். மாமியார் குறுக்கே வந்து நின்றார்.

"பூசையில வெச்ச சாமானை நாளிக்கு வரைக்கும் தொடக் கூடாது!"

ஆமாம், என் ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், சுத்தியல் எல்லாம் பொட்டும் பூவுமாக சரஸ்வதி படத்தின் முன்னால் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. ரேடியோவுக்கு மட்டும் ஏன் லீவு இல்லை என்று கேட்க நினைத்தேன். மாமியாரிடம் யார் கேட்பது?

அப்போதுதான் மூளை வேலை செய்தது. அடுத்த வீட்டு ஆரோக்கியசாமி! மோட்டார் பட்டறைக்காரர். மாதா கோயிலுக்குப் போகிறவர். அவருடைய ஆயுதங்களுக்கு ஏது பூஜை? கூப்பிட்ட குரலுக்குப் பையோடு வந்துவிட்டார்.

"இன்னா நைனா, ஊட்ல கரண்ட் கீதா, இல்லியா?"

"லைட்டுக்கு இருக்கு அண்ணே. ப்ளக்குக்குத்தான் இல்ல!"

"அப்போ பியூஸ்தான். இதுல இன்னா யோசனை?"

பியூஸைப் பிடுங்கினோம். கம்பி முழுசாக இருந்தது. இருந்தாலும் புதுக் கம்பி போட்டார் — இந்த யுத்த காலத்தில் தேடினாலும் கிடைக்காத கம்பி! பலன் இல்லை. "அப்போ சுவிட்சுதான்!" என்றார். கழற்றினோம். சுவிட்சும் யோக்கியம். அடுத்து டெஸ்ட் லாம்ப் வந்தது. வேறொன்றுமில்லை, ஒரு ஹோல்டர், ஒரு பல்பு, வால் மாதிரி இரண்டு ஒயர். அந்த வால்களைப் பியூஸில் வைத்தால் பளிச்! ப்ளக் ஓட்டைகளில் செருகினால்... இருட்டு.

"நடுவுல எலி ஒயரைக் கடிச்சிட்டுகீது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார் ஆரோக்கியசாமி.

ஒயர் எங்கே ஓடுகிறது? மரச்சட்டத்துக்குள், சுவர் நெடுக! அதைப் பிரித்து எலி கடித்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் என் மனைவி பாடி முடித்து, பஸ் ஏறி, வீட்டுக்கே வந்துவிடுவாள்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. முதலில் ஜன்னலைப் பார்த்திருந்த மாமனாரின் நாற்காலி, பியூஸ் போடும்போது பக்கவாட்டில் திரும்பியது. இப்போது நேராக எங்களையே பார்க்கிறது.

"இன்னா மாப்ளே, வந்திச்சா?"

"இல்ல மாமா."

"எனக்கு ஒண்ணியும் இல்ல. சொம்மா கேட்டேன்."

மணி ஆறு அடித்தது. பட்டணத்தில் சரோஜா ஆரம்பித்திருப்பாள். ஆரோக்கியசாமி மரச்சட்டத்தில் உளியை வைத்துவிட்டார்.

"அண்ணே, அண்ணே! பிரிக்கிறதுக்கு முன்னாடி ப்ளக் மூடியையும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துடுவோமே?"

முணுமுணுத்துக்கொண்டே மெயினை அணைத்தார். பீங்கான் மூடியைக் கழற்றினார். மெயினைப் போட்டு, உள்ளே ஒயர் வந்து முடிகிற திருகுகளில் டெஸ்ட் லாம்பின் வால்களை வைத்தார்.

பளிச்!

ப்ளக் வரைக்கும் கரண்ட் வந்திருக்கிறது! ஓட்டைக்குள்தான் வரவில்லை! மறுபடி மெயினை அணைத்தோம். அவர் மாமியாரிடம் கொண்டை ஊசி வாங்கி ஓட்டைக்குள் விட்டுச் சுரண்டினார். மஞ்சளாக, கட்டி கட்டியாக உதிர்ந்தது.

"இன்னா நைனா இது, மண்ணா?" மூக்கருகே கொண்டுபோனார். "யப்பா... இன்னா வாசனையா கீது!"

சந்தனம்!

அன்றைக்கு வீட்டில் சந்தனம் இல்லாத பொருள் எது? கதவு, சைக்கிள், அரிவாள்மணை, ரேடியோப் பெட்டி — எல்லாவற்றிலும் பொட்டு. அதனால் ப்ளக்கில் மஞ்சளைப் பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கிற அளவுக்கு அப்பியது யார்? "நான் கதவுக்கும் பெட்டிக்கும்தான் வெச்சேன்" என்று மாமியார் கையை விரித்தார்.

நாற்காலியிலிருந்து ஒரு செருமல்.

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சீங்கோ" என்றார் மாமனார், யாரையும் பார்க்காமல். "எம் பொண்ணு கொரலு வர்ற வழி அதானே? அத்த மட்டும் வுட்டுட்டா எப்டி? நீங்கோ சாப்ட குந்துன நேரத்துல நான்தான்... ரெண்டு கண்ணு மாதிரி இருந்திச்சு. நல்லா அழுத்தி வெச்சேன்."

"சரி மாமா, உள்ரூம் ப்ளக்குக்கு எதுக்கு?"

"ஒருவேளை அந்த வழியா வந்துட்டா?"

கூடம் கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை வீட்டுக் கோபம் இப்படி! கரண்ட் எல்லாம் வாசல் வரைக்கும் வந்துதான் நிற்கிறது. கடைசி அரை அங்குலத்தில்தான் ஏதோ அடைத்துக்கொள்கிறது.

சுரண்டி, துடைத்து, மூடியைப் போட்டு, மெயினைத் தட்டினோம். ரேடியோவுக்குச் சூடேற ஒரு யுகம் ஆயிற்று. கரகரப்பு... விசில்... பிறகு சரோஜாவின் குரல்! இரண்டாவது பாட்டின் பாதியில் இருந்தாள். நான் குதித்தே விட்டேன். ஆரோக்கியசாமி உளியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். மாமனார் நாற்காலியை விட்டு எழுந்தவர், பாட்டு முடிகிற வரைக்கும் உட்காரவே இல்லை.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் சரோஜா வந்தாள். கழற்றிப் போட்ட சாமான்களைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மொதப் பாட்டு என் காதுல வுழல."

அவள் முகம் சுண்டிவிட்டது. "கேக்கலியாப்பா?"

"தப்பு என்னுதுதான். அப்பால மாப்ள சொல்வாரு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். "குந்தும்மா. அத்த இப்போ பாடு."

பாடினாள். அதற்கு ப்ளக் தேவைப்படவில்லை!