வேலியில் ஒரு படலை

பிள்ளைகளுக்காகக் கட்டிய கட்டடத்துக்கு அவர்களின் பெயராலேயே அனுமதி மறுப்பது நியாயமா?

சுன்னாகத்தில் புதிதாகக் கட்டிய மாடி ரியூசன் வகுப்பு நிலையமொன்றைச் சுகாதாரப் பரிசோதகராகப் பார்வையிடச் சென்ற என்னை இக்கேள்வி வாட்டியது. மறுத்தால் மாணவர் பழைய தகரக் கொட்டகையிலேயே வேகுவர். மலக்குழி கிணற்றுக்குப் போதிய தூரத்தில் இருந்தது. ஆனால் தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழியில்லை. பின்கதவுக்கு நேரே பக்கத்து வளவின் வேலி. அதில் ஒரு வழி கேட்டுப் பாருங்கள் என்றேன். அவ்வேலிக்காக அயலவரோடு நெடுங்காலம் வழக்காடிய நிலைய உரிமையாளரான மாஸ்டர் சீறினார்:

“உந்த மனிசனிட்டை நான் போய்க் கேக்கிறதோ?”

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்:

“கேட்டால் வாய் நோகுமோ, மாஸ்டர்? உமக்கெண்டால் ஒரு விரற்கடை நிலமும் தரமாட்டன். பிள்ளையள் ஓடிவர வேலியை வெட்டிப் படலை வையும். எழுத்திலையும் தாறன்.”

மாஸ்டர் வேலியடிக்குப் போனார். எனக்குப் போன உயிர் திரும்பியது.

படலை வைத்த பின்பே ஒப்பமிட்டேன். இப்போதெல்லாம் கட்டடம் பார்க்கச் சென்றால், அயல்வீட்டாரிடமும் கதைத்துவிட்டே திரும்புகிறேன்.