ராமாமணிக்கு வர வேண்டிய பதில்

பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றை ராமாமணி ஒரு வருடம்கூடப் பார்த்ததில்லை. ஊரே டிவி முன்னால் உட்கார்ந்து யார் ஜெயிப்பார் என்று வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், அவள் துடியலூரில் தன் வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு வேண்டியது ஆடிஷன் மட்டும். முதல் மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் சனி, ஞாயிறு சாயங்காலம் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. பட்டறையிலிருந்து வரும்போதே கணவன் பங்காரு பரோட்டா வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கும்.

"அதுக்கப்பறம் வெறும் துணிமணி ஜோடனைங்க. யாரு அழுதா, யாரோட அம்மா வந்தா, அவ்வளவுதான். ஆடிஷன்ல பாருங்க, லாரி ஓட்டறவரும் நிப்பாரு, டாக்டரூட்டுப் புள்ளையும் நிக்கும். உள்ள போனா, ஆகும்னா ஆகும், ஆகாதுன்னா ஆகாது. மூஞ்சிக்கு நேரா ஒரே வார்த்தைங்க."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் ரசிகை. உலகத்தில் யாரும் யாருக்கும் நேராகப் பதில் சொல்வதில்லை என்பது அவள் கட்சி. பெண் பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வீட்டுக்காரரே சொல்வார். ஆடிஷனில் அந்த மழுப்பல் கிடையாது. தேறாதவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது, "பரவால்ல கண்ணு, தெரிஞ்சு போச்சுல்ல" என்று டிவியைப் பார்த்துச் சொல்வாள். தேறியவர்களைக் கண்டுகொள்ளவே மாட்டாள்.

ராமாமணிக்கு ஐம்பது வயது. பங்காருவுக்கு லேத் பட்டறையில் வேலை. ஒரே மகள் அக்ஷிதா சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறாள். வீட்டில் பேசுவது தெலுங்கு. சண்டைக்கு மட்டும் தமிழ், அதுவும் மரியாதை குறையாத கொங்குத் தமிழ். ராமாமணி இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறாள். சமையல் காண்ட்ராக்டர் ஈஸ்வரமூர்த்தியின் ஆட்களில் சாம்பார் வாளி அவளுடையது. இன்னொருத்தர் கை அதில் பட விடமாட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது வாய் ஏதாவது பழைய படப் பாட்டை முனகிக்கொண்டே இருக்கும். குரல் எப்படி என்று கேட்காதீர்கள். பந்தியில் யாரும் எழுந்து போனதில்லை, அவ்வளவுதான்.

கோயமுத்தூரில் ஆடிஷன் நடந்தால் வேடிக்கை பார்க்கக் கட்டாயம் போய்விடுவாள். காந்திபுரம் போய் பஸ் மாறி, விடிந்ததும் ஆடிஷன் நடக்கும் கல்லூரி வாசலில் நிற்பாள். பையில் பனங்கற்கண்டும் மிளகும் இருக்கும். வரிசையில் நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் தொண்டைக்குக் கொடுப்பாள். மூன்று தடவை அப்படிப் போனாள். நாலாவது தடவை காவலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான், நம்பர் வாங்கினவர்களுக்குத்தான் உள்ளே இடம் என்று. அந்த வருடம் வயது வரம்பும் இல்லை. சரி, வேடிக்கை பார்க்க இதுதான் டிக்கெட் என்றால் வாங்கிவிட்டுப் போகிறேன் என்று அவளும் ஒரு நம்பரை வாங்கிச் சேலையில் குத்திக்கொண்டாள். மத்தியானம் அந்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஓடிவந்திருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், கூப்பிட்டதும் அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. அத்தனை வருடம் மற்றவர்களுக்குக் கிடைக்கப் பார்த்த வார்த்தை இன்றைக்குத் தனக்கும் கிடைக்கப்போகிறது.

இந்த இடத்தில் கொங்கு நாட்டுப் பந்தியின் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். சாப்பிடுகிறவர் முதல் தடவை "போதுங்க" என்று சொல்வது வெறும் மரியாதை. அதை நம்பி நகர்ந்துவிட்டால், "அந்த ஊட்ல மறுக்காக் கேக்கவே இல்லீங்க" என்று வந்த ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் ஊர் ஊராகச் சொல்லும். கல்யாண வீட்டுக்கே கெட்ட பேர். இரண்டாவது "போதுங்க" பாதி நிஜம். இலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே நீட்டி மறைத்தால்தான் போதும் என்றால் போதும். இருபத்திரண்டு வருடம் இதைச் செய்த கைக்கும் காதுக்கும் வேறு கணக்குத் தெரியாது.

உள்ளே மூன்று நடுவர்கள். ராமாமணி பல்லவியை முடித்ததும் நடுவில் இருந்த கண்ணாடிக்கார அம்மா, "போதுங்க" என்றார். ராமாமணி லேசாகக் குனிந்து சிரித்தாள். "இன்னுங் கொஞ்சங்க" என்று சொல்லிவிட்டு முதல் சரணத்தை எடுத்தாள். "போதுங்கம்மா." "அட, இருக்கட்டுங்க" என்று இரண்டாவது சரணம். கேமராக்காரனின் தோள் குலுங்கியது. அந்த அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு கையையும் மேஜைக்கு மேல் நீட்டி மறித்த பிறகுதான் ராமாமணி நிறுத்தினாள். மூன்று பேரும் மேஜையில் தலைசாய்த்துச் சிரித்தார்கள்.

"ஆகுங்களா, ஆகாதுங்களா?" என்று கேட்டாள்.

அதற்கும் சிரித்தார்கள். ஒரு பெண் வந்து தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டாள். ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை.

டிவியில் வந்தபோது அவள் பாட்டுக்கு நடுவே ஆட்டுக்குட்டி கத்தும் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். "இன்னுங் கொஞ்சங்க" என்பதை மட்டும் நாலு தடவை திருப்பிப் போட்டிருந்தார்கள். அடுத்த நாளே அது எல்லாருடைய போனிலும் இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அக்ஷிதா இரண்டு நாள் ஆபீசுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம். வேனிலிருந்து இறங்கியதும் ஈஸ்வரமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அம்மணி, கொஞ்ச நாளைக்கு உள்ளயே காய் நறுக்கீட்டு இருங்க. பந்தியில புள்ளைங்க கேலி பண்ணுவாங்க. கல்யாண ஊட்டுக்காரருக்குச் சங்கடமாப் போயிரும்."

"நானென்ன திருடிப்போட்டனுங்களா?"

"அதுக்கில்லீங்க..."

"பின்ன எதுக்குங்க நான் ஒளியோணும்?" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டாள்.

அவர் சொன்னபடியே நடந்தது. ஒரு வரிசை முழுக்க மாப்பிள்ளையின் சிநேகிதர்கள். அவள் வருவதைப் பார்த்ததும் ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்தான், மற்றவர்கள் "போதுங்க, போதுங்க" என்று ராகம் போட்டார்கள். ராமாமணிக்குக் காது இரண்டும் எரிந்தன. ஆனாலும் ஒவ்வொரு இலைக்கும் குறையில்லாமல் ஊற்றிக்கொண்டே வந்தாள். போன் பிடித்தவனிடம் வந்ததும் நின்றாள்.

"சிரிச்சுட்டே தின்னா பொரையேறும் கண்ணு. அத அக்கட்டால வெச்சுப்போட்டுச் சாப்புடு."

குரல் உயரவில்லை. ஆனால் அவன் போனைக் கீழே வைத்தான். அன்று கடைசிப் பந்திவரை வாளி அவள் கையில்தான் இருந்தது. ஈஸ்வரமூர்த்தி அப்புறம் காய் நறுக்கும் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தச் சேனலிலிருந்து ரோஹன் என்று ஒரு பையன் போன் செய்தான். இறுதிச் சுற்றுக்கு அவள் சிறப்பு விருந்தினராம். கார் அனுப்புவார்களாம், பட்டுச்சேலை எடுத்துத் தருவார்களாம், சென்னையில் பெரிய ஓட்டலில் தங்கலாமாம்.

"வந்து பாடோணுங்களா?"

"முழுசா வேணாம்மா. அந்த 'இன்னுங் கொஞ்சங்க' மட்டும் சொன்னீங்கன்னா போதும். ஜட்ஜஸ் ரெடியா இருப்பாங்க."

"அன்னைக்கு எனக்கு ஆகுமா ஆகாதான்னு சொல்லவே இல்லீங்களே தம்பி. அதைக் கேட்டுச் சொல்லுங்க, அப்பறம் பேசலாம்" என்றாள். அவன் அதையும் பெரிய ஜோக்காக எடுத்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு முடியும் முன் போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் சண்டைத் தமிழ் ஆரம்பித்தது.

"மேடையில ஏத்தி மரியாதை பண்றேங்கறாங்க, போய்ட்டு வந்தா என்ன?" என்றான் பங்காரு.

"எம்பட பாட்டுக்கு மரியாதைன்னா நடந்தே போவனுங்க. இது ஆட்டுக்குட்டிக்கு மரியாதை."

"ஏம்மா, உனக்கு நல்லாப் பாட வராதுன்னு உனக்கே தெரியுமே" என்றாள் அக்ஷிதா.

"தெரியும் கண்ணு. அதை அவங்க வாயால சொல்லோணும். அம்பது வயசுல வேலையப் போட்டுட்டு வரிசையில நின்னேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லக்கூட ஆகாத ஆளா நானு?"

இறுதிச் சுற்றன்று ராமாமணி வழக்கம்போலப் பாத்திரம் தேய்த்தாள். அவளைப் போலவே சேலை கட்டிய யாரோ ஒரு நடிகையை விட்டு 'இன்னுங் கொஞ்சங்க' சொல்ல வைத்தார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்றாள்.

அடுத்த வருடம் மறுபடி கோயமுத்தூரில் ஆடிஷன் அறிவித்தார்கள். அன்றைக்கு முகூர்த்த நாள், இரண்டு மண்டபத்தில் வேலை. ராமாமணி முந்தின நாளே ஈஸ்வரமூர்த்தியிடம் போய், "நாளைக்கு நான் வரமாட்டனுங்க. அங்கதான் போறேன்" என்றாள். ஏற இறங்கப் பார்த்தவர், "சொன்னா நிக்கவா போறீங்க?" என்று விட்டுவிட்டார். இந்தத் தடவை பங்காருவும் கூட வந்தான். தனியாக விட்டால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம்.

வாசலிலேயே அடையாளம் கண்டுவிட்டார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் ஓடிவந்து, "அம்மா, நீங்க எதுக்கு லைன்ல? நேரா உள்ள வாங்க, கேமரா ரெடி பண்ணச் சொல்றேன்" என்று கையைப் பிடித்தாள்.

"எனக்கு முன்னால எத்தனை பேரு நிக்கறாங்க அம்மணி?"

"ஒரு முந்நூறு பேர் இருப்பாங்க."

"அவங்க போகட்டுங்க. நான் என் நம்பருக்கு வாரேன்."

காலை ஆறரைக்கு நின்றவளுக்கு நாலு மணிக்குத்தான் நம்பர் வந்தது. முழங்கால் வீங்கிவிட்டது. உள்ளே அதே கண்ணாடிக்கார அம்மாவும், அவருக்கு இரண்டு பக்கமும் புதிதாக இரண்டு பேரும் இருந்தார்கள். அவளைப் பார்த்ததுமே மூன்று முகத்திலும் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. கேமராக்காரன் கிட்டத்தில் வந்தான். எல்லாரும் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று ராமாமணிக்குத் தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். ஒரு வருடமாக விடியற்காலையில் மொட்டைமாடியில் பாடிப் பழகிய பாட்டு அது. பல்லவி முடிந்து சரணத்தின் முதல் வரியில் ஏறும்போது அந்த அம்மா, உதட்டோரச் சிரிப்போடு, "போதுங்க" என்றார்.

ராமாமணி நிறுத்திவிட்டாள். வரியின் பாதியில், சொல்லின் பாதியில். சரணத்தின் மிச்சம் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் கையைக் கட்டிக்கொண்டு அந்த அம்மாவின் கண்ணையே பார்த்து நின்றாள்.

அந்த அம்மா பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். இனிமேல் சிரிக்க ஒன்றும் இல்லை என்று புரிந்ததோ என்னவோ, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எதிரில் இருந்த தாளில் ஏதோ எழுதினார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் பங்காரு எழுந்து வந்தான். மனைவியின் கண் கலங்கியிருந்தது.

"என்னாச்சு?"

"ஆகலீங்க."

"மறுக்காவும் சிரிச்சுப்போட்டாங்களா?"

"இல்லீங்க" என்றாள் ராமாமணி, கண்ணைத் துடைக்காமலே. "சுருதி நிக்கல, மேல போனா குரல் ஒடையுது, வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. மூணு பேரும், எம்பட மூஞ்சியப் பாத்து."