தபீதாளின் ஓரக்குறிப்பு

தபீதாள் 1951 ஜூன் 4, திங்கட்கிழமை, சித்தூரில் எங்கள் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்துமூன்று வருஷம் அதே மேஜை. சிறுநீர்ச் சீசா கைக்கு வந்ததும், எத்தனை மணிக்குப் பிடித்தது என்று கேட்பார். பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது, ஓரத்தில் எழுதிவைப்பார்.

"மூத்திரத்துக்கு ஜாதகம் எழுதறாங்க" என்று வார்டுப் பெண்கள் சிரிப்பார்கள்.

1979 செப்டம்பரில் நகரி நெசவாளி செங்கல்வராயன் வயிற்றுப் புற்றுநோயோடு வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் இதற்கு வைட்டமின் சி-யை நிறைய அளவில் நரம்பில் ஏற்றுகிறார்கள் என்று மைத்துனர் தாமோதரன் ஒரு பத்திரிகைத் துண்டைக் காட்டி மன்றாடினார். "குணமாகும்னு நான் சொல்லமாட்டேன்" என்று சொல்லித்தான் டாக்டர் சம்மதித்தார். மருந்து திருப்பதியிலிருந்து வந்தது. அக்டோபர் 3 முதல் புதனும் சனியும் மத்தியானம் இருபது கண்ணாடி ஆம்பியூல் உடைத்து டிரிப்பில் கலந்து ஏற்றினார்கள்.

முதல் புதன் சாயங்காலமே சிறுநீரில் சர்க்கரை தெரிந்தது. நீல மருந்தில் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும்; நிறைய இருந்தால் செங்கல் நிறமாகும். அப்படியே ஆயிற்று. சனியன்றும் அதேதான். டாக்டர் இனிப்பை நிறுத்தினார்.

சோற்றைக் கண்டாலே குமட்டும் அந்த மனிதருக்கு, மனைவி வள்ளி செய்யும் வெல்லப் போளி ஒன்றுதான் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அதுவும் போனதும் பட்டினி கிடந்தார்.

"இன்னாம்மா இது? கேன்சர் என்னைத் துன்னலாம், நான் போளி துன்னக்கூடாதா?" என்று தபீதாளைக் கேட்டார்.

"ஒரு வாரமா இனிப்பே வாயில படலக்கா. அப்புறம் எங்கேர்ந்து வருது சக்கரை?" என்றாள் வள்ளி.

தபீதாள் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். புதன், சனி சாயங்காலம் பிடித்ததெல்லாம் செங்கல் நிறம். திங்கட்கிழமை காலையில் பிடித்தது நீலம். அடுத்த டிரிப் நாளில், உடைத்த ஆம்பியூல்களின் அடியில் தங்கியிருந்ததை வெறும் தண்ணீரில் விட்டு, அந்தத் தண்ணீரைச் சோதித்தார். செங்கல் நிறம். சூடு ஆறுவதற்குள் குழாயை டாக்டரிடம் கொண்டுபோனார்.

"டாக்டர், இந்தத் தண்ணிக்கும் சர்க்கரை வியாதி!"

"அப்போ நிறத்தை மாத்தறது வைட்டமின் சி-தானா?" என்று டாக்டர் குழாயை வாங்கிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். 15ஆம் தேதி திங்கட்கிழமை காலை, டிரிப் ஏறாத நாளாகப் பார்த்து, ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை 88. "போளி கொடுங்க" என்றார் டாக்டர்.

வைட்டமின் சி நோயை நிறுத்தவில்லை. செங்கல்வராயன் 1980 பிப்ரவரியில் நகரியில் தம் வீட்டில் காலமானார். கடைசி வாரம்வரை போளி இறங்கிற்று என்று வள்ளி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பதிவேடு இப்போது என்னிடம் இருக்கிறது. தபீதாளின் சிறிய கையெழுத்தில் ஒரு வரி: "16-10-79, காலை 6.30. நீலம்." ஓரத்தில்: "நேற்று போளி ஒன்றரை."