இலவசத் தோள்

என் அக்காவைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் கிடைப்பதை அவள் வீணாக விட்டதாகச் சரித்திரமே இல்லை. கண்ணாடிக் கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றார்கள். வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் பார்வைக் கோளாறு கிடையாது. அதனால் என்ன? இரண்டாவது கண்ணாடியை வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவைப் போட்டுக்கொள்ள வைத்தாள். மாமா என்றால் அவள் கணவர். ஞாயிறு முழுக்க மனிதர் கதவு நிலையில் இடித்துக்கொண்டே நடப்பார்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் இருபத்தோரு வருடமாக வேலை. இயந்திரம் துவைத்துத் தள்ளும் ஈர விரிப்புகளைக் கூடை கூடையாக மொட்டை மாடிக்கு ஏற்றி, தலைக்கு மேலே கட்டியிருக்கும் கம்பிகளில் உதறிப் போட வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது விரிப்பு. இரட்டைக் கட்டில் விரிப்பு நனைந்தால் சின்னப் பிள்ளை கனம் கனக்கும். ஒருமுறை அங்கே போய் நின்று வேடிக்கை பார்த்ததற்கே எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

மாமா பத்திரப் பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர். அவர் குத்துகிற சத்தத்துக்காகவே அங்கே அவருக்கு ‘டமால்’ என்று பெயர். தங்கமான மனிதர்தான். ஆனால் உடம்புக்கு ஒன்று என்றால் ஊரைக் கூட்டிவிடுவார். நகச்சுற்று வந்தபோது, உயிலை என் தட்டச்சுக் கடையிலேயே அடித்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டவர் அவர்.

அப்படிப்பட்டவருக்கு வலது தோளில் வலி வந்தால் கேட்க வேண்டுமா? எலும்பு டாக்டரம்மா கையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்றார். அக்கா லீவு போட்டுவிட்டு மாமாவைக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கேன் சென்டர் வாசலில் ஒரு தட்டி தொங்கியது: ‘ஒரு தோளுக்கு ஸ்கேன் எடுத்தால் மறு தோள் இலவசம்.’ அதைப் படித்த அக்காவின் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறுநாள் ரிப்போர்ட்டுகள் வந்தன. வலது ஒன்று, இடது ஒன்று, இரண்டிலும் மாமா பெயர். படிக்க என்னைக் கூப்பிட்டார்கள். குடும்பத்தில் ஆங்கிலம் தெரிந்தவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. தட்டச்சு செய்கிறவனுக்கு எழுத்து தெரியும். அர்த்தமும் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. போனைப் பார்த்துப் பார்த்து ஒப்பேற்றினேன்.

“வலது தோள்ல லேசான தேய்மானம், மாமா. பயிற்சி செஞ்சா சரியாயிடும்.”

“லேசாவா? எனக்கா?” மாமாவுக்குச் சுருக்கென்றது. “யாருடா அவன் எழுதினது? அடுத்ததைப் படி மாப்ளே.”

அடுத்ததைப் படித்தேன். படிக்கப் படிக்க என் குரலே மாறிவிட்டது. தோளில் பந்து மாதிரி ஒரு எலும்பு இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு தசைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கையைத் தூக்குவதற்கு உதவுகிற மேல் தசையின் நார், எலும்பை விட்டு முழுசாகப் பிய்ந்து, மூன்று சென்டிமீட்டர் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. தசையில் கொழுப்பு படியத் தொடங்கியிருக்கிறது. அப்படியென்றால் நேற்றைக்கு வந்த கிழிசல் இல்லை, நாள்பட்டது.

“பாத்தியா!” என்றார் மாமா. அவ்வளவு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. “இடது பக்கம் அமுக்குணியா இருந்து கழுத்தறுத்திருக்கு பாரு!”

“இடதையும் எடுத்தாங்களா மாமா?”

“எடுத்திருப்பாங்க. நான்தான் அந்தக் குழாய்க்குள்ள கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உசிரைக் கையில பிடிச்சிக்கிட்டுக் கெடந்தேனே. வெளிய வந்ததும் ஒரே ஓட்டமா டீக்கடைக்குப் போயிட்டேன். மிச்சத்தை உங்க அக்கா பாத்துக்கிட்டா.”

அக்கா தட்டுகளை ஏந்தியபடி நின்றிருந்தாள். “அதை அப்படியே விட்டா என்னடா ஆகும்?” என்று கேட்டாள்.

“போகப் போகக் கையே தூக்க வராது. ரொம்ப நாள் விட்டா அப்புறம் தைக்கவும் முடியாதாம். ஆபரேஷன்தான்னு நெனைக்கிறேன்.”

“ஓகோ” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

அன்று சாயங்காலமே மாமாவுக்கு இடது தோள் வலிக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு கைகளையும் தொட்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். அக்கா அவருக்குச் சோறு ஊட்டினாள், சட்டைப் பொத்தான் போட்டாள், தலை வாரினாள். காது அரித்தால் சொறிந்தும் விட்டாள். அலுவலகத்திலிருந்து பார்க்க வந்தவர்கள், அவர் இடத்தில் போட்டிருக்கும் ஆள் முத்திரையை ஓசைப்படாமல் வைக்கிறான், இது செல்லுமா செல்லாதா என்று ஜனங்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று அழாக்குறையாகச் சொன்னார்கள். மாமா பெருமையோடு முனகினார். அக்கா தினமும் காலையில் அவருக்கு ஊட்டிவிட்டு அறுபது விரிப்பைக் காயப்போடப் போனாள்.

இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் கண் இருந்தது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் இடது ரிப்போர்ட்டைப் படித்து நெற்றியைச் சுருக்கினார். “இது பெரிய கிழிசல். ஆபரேஷன் யோசிக்கணும். முதல்ல கட்டை அவிழ்த்துட்டுக் கையைத் தூக்குங்க பாக்கலாம்.”

மாமா “ஐயோ அம்மா” என்று அலறிக்கொண்டே தூக்கினார். கை கொடிக்கம்பம் மாதிரி நேராக மேலே போய் நின்றது.

“நான் கீழ அமுக்குறேன். விடாம தள்ளுங்க.”

மாமா தள்ளிய தள்ளலில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்த சக்கரம் வைத்த நாற்காலி அலமாரி வரைக்கும் உருண்டு போனது.

“இந்தக் கையில எத்தனை நாளா வலி?”

“ரிப்போர்ட் படிச்சதிலேருந்துங்க.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “நான் ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பாக்கிறதில்ல, ஆளுக்குத்தான் பாக்கிறேன். சில பேருக்குக் கிழிசல் இருந்தும் வலி தெரியாது, அது உண்மைதான். ஆனா இவ்வளவு கிழிஞ்ச தோளுக்கு இந்த பலம் வராது.” படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார். “எலும்பும் சின்னதா இருக்கே. இது உங்க தோள்தானா?”

“இல்லீங்க” என்றாள் அக்கா. “என்னோடது.”



“இவரு ஓடிப் போயிட்டாருங்க. இலவசத் தோள் பாக்கியிருக்கு, உள்ள வரச்சொல்லுங்கன்னு ஸ்கேன் எடுக்கிற தம்பி கூப்பிட்டாரு. ஓசியில வந்தது, வீணாப் போகுதேன்னு நானே போய்ப் படுத்துட்டேன். டோக்கன் நம்பரைத்தான் கேட்டாரு, ஆளைக் கேக்கலை.”

“ஏன்க்கா, ஒரு வாரமா வாயத் திறக்கலையே நீ!” நான் கத்தியே விட்டேன்.

“இங்க வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன்டா. சொல்லாம இவரை வெட்ட விட்டுடுவேனா? முன்னாடியே சொன்னா உடனே என்னைப் படுக்கப் போட்டுடுவீங்க. அவரு இருந்த இருப்புக்கு அவரை யாரு பாத்துக்கறது?”

டாக்டரம்மா அவளை எதிரே உட்காரவைத்து, இடது கையைத் தூக்கச் சொன்னார். கை நெஞ்சு உயரம் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் தோள் காதை நோக்கி ஏறியதே தவிர, கை நகரவில்லை, விரல்கள் நடுங்கின. அக்கா வெட்கப்பட்டவள் போல எங்களைப் பார்த்துவிட்டு, வலது கையால் இடது முழங்கையைப் பிடித்து மேலே தள்ளிக் காட்டினாள்.

“இப்படித் தள்ளினா போகுங்க. கம்பிக்கு எட்டிடும்.”

“எத்தனை நாளா இப்படித் தள்ளுறீங்க?”

“நாலு வருஷம் இருக்கும்.”

நாலு வருஷம். ஒரு நாளைக்கு அறுபது.

டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். இப்போதே தைத்தால் ஓரளவு சரியாக வாய்ப்பு இருக்கிறது, உத்தரவாதம் இல்லை. தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். ஆறு வாரம் கையைக் கட்டி வைக்க வேண்டும், அதன்பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. விரிப்பு வேலையை இனி நினைக்கவே கூடாது. “அடுத்த வாரமே தேதி தரேன். என்ன சொல்றீங்க?”

அக்கா தலையாட்டி மறுத்தாள். “வேணாங்க. இது பழகிப்போச்சு.”

“பழகிப்போச்சா? கை போயிடும்மா!”

“ஆறு வாரம் நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா, இவருக்கு யாருங்க ஊட்டறது?”

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். கேட்டுவிட்டு, யாராவது ஒரு வழி சொல்வார்களா என்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

மாமா எழுந்து நின்றார். கழுத்தில் தொங்கிய இரண்டு கட்டுகளையும் உருவி நாற்காலியில் போட்டார். அவரை முப்பது வருடமாக எனக்குத் தெரியும்; அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார். “எனக்கு ஒண்ணுமே இல்லடி.”

அப்போதுதான் அக்கா அழுதாள்.